குசினியில் பற்றீரியா வளர்த்தோம்: தட்டில் முளைத்ததும் முளைக்காததும்

மருமகளுக்குப் பாடசாலையில் நுண்ணங்கிகள் பற்றி ஒரு செயற்றிட்டம். புத்தகத்தைப் பார்த்து எழுதி, நாலு படம் ஒட்டிக் கொடுத்தாலே புள்ளி போட்டுவிடுவார்கள். ஆனால் அவளுடைய கேள்விகள் புத்தகத்தோடு நிற்கவில்லை. பிரிட்ஜில் வைத்தால் பற்றீரியா செத்துவிடுமா? கொதித்த தண்ணீரில் ஒன்றுமே மிஞ்சாதா? கை கழுவினால் எல்லாம் போய்விடுமா? "வளர்த்துப் பார்ப்பமா மாமா?" என்றாள். ஒரு காலத்தில் ஆய்வுகூடத்தில் வேலை பார்த்தவன் என்பதால் சரி என்றேன். அம்மா மட்டும், "உந்த ஊத்தையெல்லாம் என்ர குசினிக்குள்ள வேண்டாம்" என்று முதலே சொல்லிவிட்டார். கடைசியில், தட்டுகள் சாப்பாட்டு மேசைப் பக்கம் வரக்கூடாது, குக்கரைப் பளபளவென்று கழுவித் திருப்பித் தரவேண்டும் என்ற இரண்டு நிபந்தனைகளோடு அனுமதி கிடைத்தது.

முதல் வேலை வளர்ப்பூடகம். பற்றீரியாவுக்குச் சாப்பாடு வேண்டும், ஈரம் வேண்டும், நாம் பார்ப்பதற்கு அது ஓரிடத்தில் நிற்கவும் வேண்டும். சூப்பை வெறுமனே கிண்ணத்தில் விட்டாலும் வளரும்தான். ஆனால் கலங்கிப்போன சூப்பைத் தவிர வேறொன்றும் கண்ணுக்குத் தெரியாது. அதே சூப்பை உறைய வைத்துவிட்டால், விழுந்த விழுந்த இடத்திலேயே ஒவ்வொன்றும் பெருகித் தனித்தனிக் குவியலாக நிற்கும். அதைத்தான் கொலனி என்கிறோம். உறைய வைக்க ஏகார் தேவை. ஆய்வுகூடத் தரத்தில் வாங்கப்போனால் விலை கையைக் கடிக்கும். நோன்பு காலத்தில் கடற்பாசி செய்ய வாங்கும் சைனா கிராஸும் அதே ஏகார்தான். கொழும்பு வெள்ளவத்தையில் பலசரக்குக் கடையில் கேட்டால் வெள்ளை நாராகக் கட்டிக் கொடுப்பார்கள்.

சமையல் பொருளை வைத்து ஆய்வா என்று யாரும் முகம் சுளிக்கத் தேவையில்லை. ஆய்வுகூடத்துக்கு ஏகார் போனதே குசினியிலிருந்துதான். 1881 வாக்கில் ஜெர்மனியில், பற்றீரியா ஆய்வின் முன்னோடியான றொபேட் கொக்கின் ஆய்வுகூடத்தில் ஜெலற்றினை வைத்துத்தான் பாடுபட்டுக்கொண்டிருந்தார்கள். கொஞ்சம் சூடேறினால் அது இளகிவிடும். சில பற்றீரியாக்கள் அதையே தின்று தண்ணீராக்கியும் விடும். அங்கே வேலை செய்த வோல்தர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபானி, தன் வீட்டு ஜெலிக்குப் போடும் ஏகாரைப் பாவித்துப் பார்க்கச் சொன்னார். அவருக்கு அதைப் பழக்கியது ஜாவாவில் இருந்துவிட்டு வந்த ஓர் அயல்வீட்டுக்காரர். ஏகார் 85 பாகை செல்சியஸ் அளவில்தான் உருகும். உருகிய பிறகு 40 பாகைக்குக் கீழே இறங்கினால்தான் மறுபடி உறையும். கொழும்பு மத்தியான வெக்கையில் ஜெலற்றின் தட்டு கூழாகிவிடும், சைனா கிராஸ் தட்டு அசையாது. நாம் பாவிக்கும் மூடியுள்ள வட்டத் தட்டு வந்தது அதற்குப் பிறகுதான். அதே கொக்கின் உதவியாளர் யூலியஸ் றிச்சட் பெற்றி 1887இல் எழுதியது அது.

எங்கள் அளவு இது: 250 மில்லிலீற்றர் தண்ணீர், அரைக் கோழிச் சூப் கட்டி, ஒரு தேக்கரண்டி சீனி, 5 கிராம் சைனா கிராஸ். ஆய்வுகூட ஏகார் என்றால் 4 கிராமுக்கும் குறைவாகவே போதும், கடைச் சரக்குக்குக் கொஞ்சம் கூடப் போடவேண்டும். சூப் கட்டியில் கொழுப்பு இருக்கும். அதை எடுக்காவிட்டால் தட்டில் எண்ணெய்ப் பொட்டுகள் நின்று கொலனியா கொழுப்பா என்று கண்ணைக் குழப்பும். அதனால் சூப்பை முதலில் காய்ச்சி, பிரிட்ஜில் வைத்து, மேலே படிந்ததை வழித்தெடுத்துவிட்டு, துணியில் வடித்துத்தான் சைனா கிராஸைச் சேர்த்தோம். கட்டியில் உப்பு நிறைய உண்டு என்பதால் பொட்டலத்தில் போட்டிருக்கும் அளவுக்கு மேல் செறிவாகக் கரைக்கக்கூடாது. உப்புக் கூடினால் பல பற்றீரியாக்கள் எழும்பவே மாட்டா.

அடுத்தது குக்கர். சைனா கிராஸ் கரைந்த சூப்பை ஒரு கண்ணாடிப் போத்தலில் முக்கால்வாசி விட்டு, வாயை அலுமினியத் தாளால் மூடி, அடியில் தண்ணீர் விட்ட குக்கருக்குள் நிறுத்தினோம். பஞ்சுக் குச்சிகளையும் தாளில் சுற்றி உள்ளே வைத்தோம். விசில் அடிக்கத் தொடங்கியதும் தீயைக் குறைத்து 20 நிமிடம். பிறகு அடுப்பை அணைத்துவிட்டு, ஆவி தானாக அடங்கும்வரை தொடக்கூடாது. அவசரப்பட்டு விசிலைத் தூக்கினால் போத்தலுக்குள் இருப்பது பொங்கி வெளியே வந்துவிடும்.

"கொதிச்சாக் காணாதா, குக்கர் எதுக்கு?" என்று அவள் கேட்டாள். கொதிநீரில் சாதாரணமாக வளர்ந்துகொண்டிருக்கும் பற்றீரியாக் கலங்கள் சாகும். ஆனால் பசிலசு, குளொஸ்ட்ரிடியம் போன்ற சில இனங்கள், நிலைமை மோசமானால் அகவித்தியாக மாறிக்கொள்ளும். தடித்த கவசத்துக்குள் தண்ணீரைக் குறைத்துக்கொண்டு, தின்னாமல், பெருகாமல் சும்மா கிடக்கும். 100 பாகையை அது தாங்கும். நல்ல காலம் வந்ததும் முளைக்கும். அதற்குத்தான் அமுக்கம். கடல்மட்டத்தை விட ஒரு வளிமண்டல அமுக்கம் கூடுதலாக ஏற்றினால் நீராவியின் வெப்பம் ஏறத்தாழ 121 பாகைக்குப் போகும். மருத்துவமனைக் கருவிகள் பலவற்றைக் கிருமி நீக்குவதும் இந்த வெப்பத்தில்தான். கொழும்பில் நமக்கு 100 பாகையாவது கிடைக்கிறது. மலைமேல், காற்றமுக்கம் குறைந்த நுவரெலியாவில் திறந்த பானையில் 94 பாகையிலேயே தண்ணீர் கொதித்துவிடும்.

தட்டில் ஊற்றும்போது மின்விசிறியை நிறுத்தவேண்டும், ஜன்னலைச் சாத்தவேண்டும். வெள்ளவத்தையில் இது சின்னத் தண்டனை இல்லை. மேசையை ஸ்பிரிட்டால் துடைத்து, போத்தலைக் கையில் பிடிக்கக்கூடிய சூட்டுக்கு ஆறவிட்டு, மூடியை ஒரு பக்கம் மட்டும் தூக்கி ஊற்றினோம். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் மூடியின் உட்பக்கம் வேர்த்து, துளி கீழே விழுந்து, கொலனிகள் எல்லாம் ஒன்றோடொன்று கலந்துவிடும். உறைந்த பிறகு தட்டுகளைத் தலைகீழாக வைப்பதும் அந்த வேர்வைக்காகத்தான். எதையும் தடவாத தட்டுகள் இரண்டைத் தனியே ஒதுக்கினோம். ஊடகமோ தட்டோ முன்பே அழுக்காகியிருந்தால் அவை காட்டிக்கொடுக்கும்.

எங்கே தடவுவது என்பதில்தான் பெரிய பேரம். கழிப்பறை, பச்சைக் கோழி, புண், சளி நான்குக்கும் அனுமதி இல்லை. தட்டில் ஒன்று கோடியாகும். தீயது ஒன்று இருந்தால் அதுவும் கோடியாகும். அதே காரணத்துக்காக 37 பாகையிலும் வைக்கவில்லை. அது நம் உடம்புச் சூடு. நம் உடம்பில் நோய் செய்யக்கூடியவற்றுக்குப் பிடித்த சூடு. அறையின் இருட்டு மூலையில் 28, 29 பாகை இருந்தது, அது போதும். தட்டைச் சுற்றிவர ஒட்டவும் கூடாது. நாலு இடத்தில் துண்டு டேப் போட்டால் மூடி கழராது, காற்றும் கொஞ்சம் போய்வரும். முழுக்க அடைத்தால் ஒட்சிசன் குறைந்து, ஒட்சிசன் வேண்டாத இனங்களுக்கு வசதியாகிவிடும். மூடிய தட்டைப் பிறகு ஒருபோதும் திறப்பதில்லை. பார்ப்பது, எண்ணுவது, படம் எடுப்பது எல்லாம் மூடியோடுதான்.

கடைசியில் தேறியவை: 101 பேருந்தின் கைப்பிடிக் கம்பி, அவளுடைய கைபேசி, மீன்காரர் தந்த மிச்சக் காசில் ஒரு நூறு ரூபாய்த் தாள், பாத்திரம் கழுவும் ஸ்பொஞ்ச், குழாய்த் தண்ணீர், மொட்டைமாடித் தாங்கித் தண்ணீர், சட்டித் தயிர், பல்கனியில் மூடி திறந்து வைத்த ஒரு தட்டு, அப்புறம் கைகள். கழுவாத விரல், சவர்க்காரம் போட்டுக் கழுவிக் காற்றில் உலர்த்திய விரல், கழுவிக் குசினித் துவாயில் துடைத்த விரல்.

மறுநாள் காலையில் தட்டுகளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்ன மாமா, ஒண்டுமில்லை?" என்று அவளுக்கு ஏமாற்றம். பின்னேரம் பாடசாலையால் வந்து பார்த்தபோது ஊசிமுனைப் புள்ளிகள். அதற்கு அடுத்த காலையில் ஸ்பொஞ்ச் தட்டில் இடமே இல்லை.

இதை விளக்கக் கணக்கு வேண்டியிருந்தது. பற்றீரியா இருகூற்றுப் பிளவால் பெருகுகிறது. ஒன்று நீண்டு இரண்டாகும், இரண்டு நான்காகும். குடலில் வாழும் ஈ.கோலை போன்ற ஒன்றுக்கு எல்லா வசதியும் கொடுத்தால் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். 7 மணித்தியாலத்தில் 21 இரட்டிப்பு. ஒன்றே ஒன்றிலிருந்து 20 இலட்சத்துக்கும் மேல். ஒரு கலம் நீளத்தில் மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒன்று, இரண்டு பங்குதான் என்பதால், இலட்சக்கணக்கில் குவிந்தால்தான் வெறுங்கண்ணுக்கு ஒரு புள்ளி. அவள் காலையில் "ஒண்டுமில்லை" என்றபோதே அங்கே பெருங்கூட்டம் இருந்திருக்கிறது. அவளே கல்குலேட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, 24 மணித்தியாலம் இப்படியே போனால் என்ன ஆகும் என்று கேட்டாள். 72 இரட்டிப்பு. ஒரு கலத்தின் எடை கிராமில் ஒரு இலட்சம் கோடியில் ஒரு பங்கு என்று வைத்தால், விடை 4000 தொன்னைத் தாண்டுகிறது! அப்படி எங்கும் நடப்பதில்லை. புதிய இடத்துக்கு வந்ததும் கொஞ்ச நேரம் பெருகாமல் தன் நொதியங்களைத் தயார்செய்யும், பிறகு வேகமாகப் பெருகும், பிறகு சாப்பாடு முடிந்து தன் கழிவே தனக்குப் பகையாகி நிற்கும், அதன் பின் சாகத் தொடங்கும்.

அந்த நிற்கும் கட்டத்தை எங்கள் தட்டுகளே காட்டின. எனக்கு இந்த வேலையிலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான். கைபேசித் தட்டில் கொலனிகள் ஒன்பது மட்டும். ஆனால் ஒவ்வொன்றும் மிளகளவு, சில அதற்கும் பெரிது, விளிம்பு வட்டமாக, நடு மேடாக, ஈரப் பளபளப்போடு. ஒன்று மட்டும் எலுமிச்சை மஞ்சள். ஸ்பொஞ்ச் தட்டில் கணக்கில்லாத கொலனிகள், ஒவ்வொன்றும் குண்டூசிமுனைகூட இல்லை. ஒன்றையொன்று நெருக்கி, சாம்பல் வெள்ளையில் ஒரு படலமாகிவிட்டன. அதே தட்டின் ஓரத்தில், குச்சி சரியாகப் படாத ஓரிடத்தில், தனித்து விழுந்த ஒன்று மற்றவற்றைவிடப் பல மடங்கு பருத்திருந்தது. பக்கத்தில் பங்குக்கு யாரும் இல்லை. அவ்வளவுதான் காரணம்.

ஸ்பொஞ்ச் நிறைந்தது ஆச்சரியமில்லை. சோற்றுப் பருக்கை, எண்ணெய், எப்போதும் ஈரம், ஒளிய ஆயிரம் துவாரம். பேருந்துக் கம்பியும் காசும் ஆச்சரியம். நூறு ரூபாய்த் தாளில் சிலவே. கம்பியில் வெள்ளையும் மஞ்சளுமாக அதைவிடக் கொஞ்சம் கூடுதல். காய்ந்த உலோகத்திலும் காசிலும் பலவற்றால் அதிக நேரம் தாக்குப்பிடிக்க முடியாது. கருவாடு நாட்கணக்கில் கெடாமல் இருப்பதன் சூட்சுமமும் இதுவே: உப்பும் வெயிலும் சேர்ந்து தண்ணீரைப் பறித்துவிடுகின்றன. படத்தைக் காட்டியதும் அம்மா ஒன்றும் பேசாமல் ஸ்பொஞ்சை எறிந்துவிட்டுப் புதியதை எடுத்தார். இப்போது அது ஒவ்வொரு இரவும் பிழிந்து பல்கனிக் கம்பியில் போடப்படுகிறது.

கைத் தட்டுகள் வீட்டில் சண்டை மூட்டின. கழுவாத விரலில் 40க்கு மேல். கழுவிக் காற்றில் உலர்ந்ததில் அதில் பாதிக்கும் குறைவு. கழுவித் துவாயில் துடைத்ததில் கழுவாததைவிடக் கூட! "அப்ப சவர்க்காரம் சரியில்லை" என்று அக்கா தீர்ப்புச் சொன்னாள். சவர்க்காரம் சரிதான். நாள் முழுக்கப் பலர் துடைத்து, கொழும்பின் காற்றீரத்தில் ஒருநாளும் முழுதாகக் காயாமல் கொக்கியில் தொங்கும் துவாய்தான் சரியில்லை. கழுவிக் காற்றில் உலர்த்திய பிறகும் சில மிஞ்சியதற்குக் காரணம் வேறு. சவர்க்காரம் எல்லாவற்றையும் கொல்வதில்லை. எண்ணெய்ப்பிசுக்கைக் குலைத்து, அதோடு ஒட்டியிருக்கும் வந்தேறிக் கிருமிகளைத் தண்ணீரோடு கொண்டுபோகிறது. மயிர்க்கால்களிலும் தோல் மடிப்புகளிலும் நிரந்தரமாகக் குடியிருப்பவை அங்கேயே இருக்கும். அவை இருப்பது நல்லது, இடத்தைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றை அண்டவிடாமல் செய்கின்றன. 2016இல் வந்த ஒரு மதிப்பீட்டின்படி ஒருவர் உடம்பில் பற்றீரியாக் கலங்கள் ஏறத்தாழ 38 இலட்சம் கோடி, மனிதக் கலங்கள் 30 இலட்சம் கோடி. இதைக் கேட்டதும் அம்மா காதைப் பொத்திக்கொண்டார்.

குழாய்த் தண்ணீர்த் தட்டில் ஒன்றும் முளைக்கவில்லை. தாங்கித் தண்ணீரில் சில. கொழும்பின் குழாய்த் தண்ணீரில் பெரும்பங்கு களனி கங்கையிலிருந்து அம்பத்தலேயில் சுத்திகரிக்கப்பட்டு, குளோரின் கலந்து வருவது. மொட்டைமாடித் தாங்கியில் வெயிலில் கிடக்கக் கிடக்க அந்தக் குளோரின் குறைந்துகொண்டே போகும். "அப்ப குழாய்த் தண்ணியை அப்பிடியே குடிக்கலாம்" என்று அவள் எழுதப்போனாள். அங்கே நிறுத்தினேன். நாங்கள் தட்டில் விட்டது இரண்டு சொட்டு. குடிநீரில் எந்த 100 மில்லிலீற்றரை எடுத்தாலும் ஒரு ஈ.கோலைகூட இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். இரண்டு சொட்டு சுத்தம் என்பதை வைத்து ஒரு குவளைக்கு உத்தரவாதம் கொடுக்க முடியாது. வைரசும் இந்தத் தட்டில் முளைக்காது. அதற்குச் சூப் போதாது, உயிருள்ள கலம் வேண்டும்.

இதைவிடக் கெட்டியான பாடம் சட்டித் தயிரிலிருந்து கிடைத்தது. தயிர் முழுக்கப் பற்றீரியா என்று புத்தகம் சொல்கிறது. எங்கள் தயிர்த் தட்டிலோ பொட்டுப்பொட்டாக வெள்ளையாய்ச் சில மட்டும். அவையும் மதுவமாக (ஈஸ்ட்) இருக்கலாம், மூடியைத் திறக்காமல் சொல்ல முடியாது. தயிரில் உயிரில்லையா என்று அவள் கேட்டாள். தயிர் தோய்க்கும் லக்டோபசிலசும் ஸ்ட்ரெப்டோகொக்கசும் பாலுக்குப் பழகியவை. 40 பாகைக்கு மேல் சூடு கேட்பவை. திறந்த காற்றை அவ்வளவாக விரும்பாதவை. கோழிச் சூப்பும் சீனியும் காற்றும் 28 பாகையும் கொடுத்துவிட்டு, ஏன் வரவில்லை என்றால் எப்படி? தட்டு நமக்குச் சொல்வது, இந்தச் சாப்பாட்டில், இந்தச் சூட்டில், இந்தக் காற்றில் யார் எழும்பினார்கள் என்பதை மட்டும்தான். மண்ணிலும் கடலிலும் வாழும் பற்றீரியாக்களில் பெரும்பாலானவை ஆய்வுகூடத் தட்டுகளில்கூட முளைப்பதில்லை. அவற்றை மரபணுவைப் படித்துத்தான் கண்டுபிடிக்கிறார்கள். முளைக்காதது எல்லாம் இல்லாதது என்று செயற்றிட்டத்தில் எழுதவேண்டாம் என்று சொல்லிவைத்தேன்.

சரி, அவற்றுக்குப் பிடித்ததைக் கொடுத்துப் பார்ப்போம் என்று பாலை எடுத்தோம். காய்ச்சி ஆறவைத்த ஒரே பால், நாலு குவளை, ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி உறை. ஒன்று மேசையில். ஒன்று சுடுநீர்ப் போத்தலோடு ரெஜிஃபோம் பெட்டிக்குள், வெப்பமானியில் 43 பாகை. ஒன்று பிரிட்ஜில். நாலாவதில் மட்டும், முதலே கொதிக்கவிட்டு ஆறவைத்த உறை. பெட்டிக்குள் இருந்தது இரவுக்குள் தோய்ந்துவிட்டது. மேசையில் இருந்தது காலையில்தான், கொஞ்சம் தளதளவென்று. பிரிட்ஜில் இருந்ததும் கொதித்த உறை போட்டதும் பாலாகவே இருந்தன. தயிர்ப் பற்றீரியாக்கள் பாலிலுள்ள லக்டோசு என்ற சீனியைத் தின்று இலற்றிக்கமிலத்தை விடுகின்றன, அமிலம் ஏற ஏறப் பாலின் புரதம் திரண்டு கட்டியாகிறது. அதுதான் தோய்தல்.

பிறகு பிரிட்ஜிலிருந்த குவளையை எடுத்து மேசையில் வைத்தோம். அதுவும் தோய்ந்தது. பிரிட்ஜ் கொல்வதில்லை, சோம்பவைக்கிறது. அவளுடைய முதல் கேள்விக்கு இதைவிட நல்ல பதிலை நான் வாயால் சொல்லியிருக்க முடியாது. அதோடு, 4 பாகையிலும் மெதுவாக வளரக்கூடிய லிஸ்டீரியா போன்ற நோய் தரும் பற்றீரியாக்களும் உண்டு, அதனால் பிரிட்ஜில் இருப்பதற்கும் ஒரு தவணை வைக்கவேண்டும்.

பல்கனித் தட்டில் முளைத்தவற்றில் பாதி பஞ்சு பஞ்சாக, சாம்பல், பச்சை. அவை பங்கசு, அதாவது பூஞ்சணம். பற்றீரியாக் கொலனி பெரும்பாலும் வழுவழுப்பாக, சொட்டு விட்டதுபோல் நிற்கும். நிறத்தை வைத்து, மஞ்சளாக இருக்கிறதே, இன்ன இனம் என்று பெயர் எழுதக்கூடாது. அதற்குச் சாயமேற்றி நுணுக்குக்காட்டியில் பார்க்கவேண்டும், அதன் பிறகும் சோதனைகள் இருக்கின்றன. ஒதுக்கிவைத்த வெறும் தட்டுகள் இரண்டும் கடைசிவரை வெறுமையாகவே இருந்தன. அவை இல்லாவிட்டால் மேலே சொன்ன எதையும் நான் எழுதமாட்டேன்.

அம்மா கேட்ட ஒரே கேள்வி சோறு பற்றியது. இரவுச் சோற்றைக் காலையில் நன்றாகச் சூடாக்கினால் சரிதானே? அரிசியோடு வரும் பசிலசு சீரியசின் அகவித்திகள் சோறு வேகும்போது சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாக மேசையில் கிடந்தால் முளைத்துப் பெருகும். சில வகைகள் வாந்தியெடுக்க வைக்கும் நஞ்சையும் சோற்றில் விட்டுவிடும். மறுபடி கொதிக்க வைத்தாலும் அந்த நஞ்சு அழியாது. ஆகவே சூடாக்குவதைவிட, மிஞ்சியதை அகலமான பாத்திரத்தில் பரப்பி ஆறவைத்து, ஒன்று இரண்டு மணித்தியாலத்துக்குள் பிரிட்ஜுக்குள் வைப்பதுதான் வேலை. 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடையில் சாப்பாடு எவ்வளவு நேரம் கிடக்கிறது என்பதே கணக்கு, நம் குசினி நாள் முழுக்க அதற்கு நடுவில்தான் நிற்கிறது.

தட்டுகளை அப்படியே குப்பையில் போடவில்லை. பிளாஸ்டிக் என்பதால் குக்கரில் வைத்தால் உருகி ஒட்டிக்கொள்ளும், அதுவும் அம்மாவின் குக்கர். பழைய வாளியில் ஒரு பங்கு வீட்டுப் பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து, கையுறை போட்டு, தட்டுகளை அந்தத் தண்ணீருக்குள் அமிழ்த்திய பிறகே மூடிகளை விலக்கி, இரவு முழுக்க ஊறவிட்டோம். காலையில் வடித்து, இரண்டு பைகளில் கட்டிக் குப்பைக்குப் போட்டோம், குச்சிகளும் அதோடுதான். வாளியை பல்கனியில் வைத்துத்தான் இதைச் செய்யவேண்டும். அந்தப் பிளீச்சோடு கழிப்பறை கழுவும் அமிலத் திரவத்தையோ வினாகிரியையோ சேர்க்கக்கூடாது, குளோரின் வாயு வரும்.